மோதிர விரலுக்கு எந்த டாக்டரைத் தேடுவது?

கேள்வி: எனக்கு 57 வயது. பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பதினோரு வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது. போன வருடக் கடைசியிலிருந்து வலது கை மோதிர விரல் மடங்கினால் நிமிர மறுக்கிறது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று நிமிரும். இப்போது அதே கையில் கட்டைவிரலும் தொடங்கிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன் கிளினிக்கில் மோதிர விரலுக்கு ஊசி போட்டார்கள். மூன்று மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடிதான். இனி ஆபரேஷன்தான் என்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு விரலுக்கும் சேர்த்து 4,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), இன்னொன்றில் 9,000 வெள்ளி. கோலாலம்பூரில் இருக்கும் மகன் அங்கே வரச் சொல்கிறான். பக்கத்து வீட்டில் உருவிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். கடைசியாகச் சர்க்கரைக்குப் பார்த்த எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 9.2. தீபாவளிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது, டாக்டர்?

பதில்:

அன்புள்ள அக்கா,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவமனையில் 'சாரா கெர்ஜா' என்று சொல்லும் பிரிவில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறவள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் நோயாளிகளை எங்களிடம் அனுப்புவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக, பல டாக்டர்கள் செய்த கைகளை அடுத்தடுத்த வாரங்களில் தொட்டுப் பார்த்து வருகிறேன். உங்கள் கேள்விக்கு அந்த இடத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நீங்கள் தையல்காரர் என்பதால் இதை விளக்குவது எனக்கு எளிது. பாவாடைக்கு நாடா கோப்பீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். விரலை மடக்கும் தசைநாண்தான் நாடா. அது உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை வரிசையாக இருக்கும் சில வளையங்களுக்குள்ளே ஓடுகிறது. நாடாவில் ஒரு சின்ன முடிச்சு விழுந்து, உறையின் வாயும் தடித்துப்போனால் என்ன ஆகும்? முடிச்சு வாயருகே சிக்கும், இழுத்தால் 'டக்' என்று தாண்டும். டிரிகர் ஃபிங்கர் என்பது அதுதான். சிக்குகிற இடம் விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் இருக்கும் முதல் வளையம். விரலின் நடுமூட்டு வலிக்கிறது என்று பலர் அங்கே தைலம் தேய்ப்பார்கள். கோளாறு அங்கே இல்லை.

ஆபரேஷனில் நாடாவை யாரும் தொடுவதில்லை. உறையின் வாய்ப்பக்கத் தையலை மட்டும் பிரித்துவிடுவதைப் போல, அந்த முதல் வளையத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிடுகிறார்கள். உள்ளங்கையில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டு, பத்திலிருந்து இருபது நிமிட வேலை. அடுத்த வளையத்தைத் தொடக்கூடாது. அதையும் வெட்டிவிட்டால் தசைநாண் எலும்பை விட்டு விலகி, மடக்கும்போது வில்லின் நாண்போல எழும்பி நிற்கும், பிடியில் பலம் போய்விடும். இரண்டு பக்கமும் தொடு உணர்வு நரம்புகள் ஓடுகின்றன. கட்டைவிரலில் அவற்றில் ஒன்று வெட்டுகிற இடத்துக்கு மிக அருகிலேயே குறுக்காகப் போகிறது. இது சின்ன ஆபரேஷன்தான், ஆனால் கையின் அமைப்பு விரல் நுனியில் பழகியவர் செய்ய வேண்டிய சின்ன ஆபரேஷன்.

அதனால் நான் பார்க்கச் சொல்வது மருத்துவமனையின் பெயரையோ கட்டடத்தையோ அல்ல. கைக்கு அடிக்கடி ஆபரேஷன் செய்கிற ஒருவர், கத்தியை எடுப்பதற்கு முன் உங்கள் சர்க்கரையைப் பற்றி அவராகவே கேட்கிற ஒருவர். இந்த இரண்டும் உள்ளவர் ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் கிடைத்தால் கோலாலம்பூர் போக வேண்டியதில்லை.

நம் நாட்டில் கை அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் எலும்பியல் டாக்டர்கள் மேற்கொண்டு படித்துத் தேர்ச்சி பெறும் துணைத்துறை. பிளாஸ்டிக் சர்ஜரி படித்த சிலரும் செய்வார்கள். முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றுவதில் பேர் வாங்கிய டாக்டர் நல்ல டாக்டராகவே இருக்கலாம். அவர் எத்தனை விரலுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார் என்பது வேறு கேள்வி. தேசிய நிபுணர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, ஆங்கிலச் சுருக்கத்தில் என்எஸ்ஆர் என்பார்கள். பெயரைத் தட்டினால் அவர் எந்தத் துறையில் நிபுணராகப் பதிவு பெற்றவர் என்று காட்டும். மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பக்கத்தில் இந்த வருடத் தொழில் உரிமம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. இதை மகனிடம் ஒப்படையுங்கள், பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பிறகு நேரில் கேட்க வேண்டியவை. கூச்சப்படாதீர்கள் அக்கா. உங்களிடம் முதல் தடவை துணி கொடுக்க வருகிற பெண் "இந்த மாதிரிக் கழுத்து தைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் கோபப்படுவீர்களா? "மாதத்தில் எத்தனை டிரிகர் ஃபிங்கர் செய்வீர்கள், டாக்டர்?" என்று கேளுங்கள். "வெட்டித் திறப்பீர்களா, ஊசி முனையாலேயே தோலுக்கு வெளியிலிருந்து அறுப்பீர்களா?" என்று கேளுங்கள். ஊசியால் செய்வதும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான், மோதிர விரலுக்கு அனுபவமுள்ளவர் கையில் நன்றாகவே வரும். ஆனால் நரம்பு அவ்வளவு அருகில் ஓடுகிற கட்டைவிரலுக்கு, கண்ணால் பார்த்துத் திறக்கும் முறையையே நான் விரும்புவேன். ஒரு சமயம் வேறிடத்தில் கட்டைவிரலுக்குச் செய்துகொண்ட ஒரு அம்மா எங்களிடம் வந்தார். சிக்கல் போயிருந்தது, ஆனால் கட்டைவிரலின் ஒரு ஓரம் மரத்துப்போயிருந்தது. அவரும் தைப்பவர். ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் குத்தியதே தெரிகிறது என்று அழுதார். அபூர்வமாக நடப்பதுதான். நடந்தவருக்கு அது அபூர்வம் என்பதில் ஆறுதல் இல்லை.

மயக்க மருந்து பற்றியும் கேளுங்கள். இந்த ஆபரேஷனுக்கு உள்ளங்கையில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டால் போதும். இப்போது பலர் அந்த ஊசியிலேயே அட்ரினலின் கலந்து போடுகிறார்கள். ரத்தம் அதிகம் கசியாது என்பதால் மேல்கையில் இறுக்கிக் கட்டும் பட்டையும் தேவைப்படாது. விரலில் அட்ரினலின் போடவே கூடாது என்று முன்பு பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. இந்த முறையில் ஒரு பெரிய நன்மை என்னவென்றால் நீங்கள் விழித்திருப்பீர்கள். டாக்டர் "மடக்குங்கள், நீட்டுங்கள்" என்பார், தையல் போடுவதற்கு முன்பே சிக்கல் போய்விட்டதா என்று இருவரும் பார்த்துக்கொள்ளலாம். பட்டினி கிடக்கவும் பொதுவாகத் தேவையில்லை, இனிப்பு நீர் உள்ளவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கே தெரியும். இரண்டு விரலுக்கு முழு மயக்கம், ஒரு ராத்திரி தங்கல் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சரியான காரணம் இருக்கலாம். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

4,000-க்கும் 9,000-க்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். தனியார் மருத்துவமனையில் டாக்டர் வாங்கும் கட்டணத்துக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2006-இல் வந்த தனியார் மருத்துவமனை விதிமுறைகளின் 13-வது அட்டவணையில் அது இருக்கிறது, 2013-இல் திருத்தப்பட்டது. ஆனால் ஆபரேஷன் அறை, மருந்து, கட்டுத் துணி, படுக்கை இவற்றுக்கு மருத்துவமனை போடும் பில்லுக்கு அந்த வரம்பு கிடையாது. ஆகவே இரண்டு இடத்திலும் உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள், டாக்டர் கட்டணம் தனி, மற்றவை தனி என்று பிரித்து. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருந்தால் அன்றே வீடு திரும்பும் ஆபரேஷனுக்குப் பணம் தருமா என்று நாள் குறிக்கும் முன்பே ஏஜெண்டிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆனால் அக்கா, நீங்கள் எழுதியதில் அரசு மருத்துவமனை என்ற சொல்லே இல்லையே, ஏன்? இனிப்பு நீருக்கு கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு, போகிறவராக இருந்தால் அடுத்த முறை கையை அங்கே காட்டுங்கள். பார்க்க 1 வெள்ளிதான். பினாங்கு பெரியாஸ்பத்திரியின் எலும்பியல் பிரிவுக்கு அவர்கள் கடிதம் தருவார்கள். நிபுணர் கிளினிக்கில் ஒரு தடவைக்கு 5 வெள்ளி, ஆபரேஷன் செலவும் தனியாரோடு ஒப்பிட முடியாத சிறு தொகை. அங்கே டிரிகர் ஃபிங்கர் அன்றாடம் பார்க்கிற வேலை. குறை என்னவென்றால் காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில்கூட ஆகலாம். எந்த டாக்டர் செய்வார் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவும் முடியாது. பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர் செய்தால், பக்கத்தில் நிபுணர் இருப்பாரா என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.

அந்தக் காத்திருப்பு உங்களுக்கு நஷ்டமில்லை என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு முக்கியம்.

உங்கள் 9.2-ஐப் பார்த்ததும் எனக்கு விரலைவிட அதில்தான் கவலை. பொதுவாக 100 பேரில் இரண்டு, மூன்று பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய இந்தச் சிக்கல், இனிப்பு நீர் உள்ளவர்களில் 10 பேர் வரைக்கும் வருகிறது. ஒரு விரலோடு நிற்காமல் அடுத்தடுத்த விரலுக்கும் போவது, ஊசி சீக்கிரம் பலனிழப்பது, இதெல்லாம் இனிப்பு நீரின் வேலைதான். சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது உள்ளங்கையைத் திறந்தால் காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் ஆபத்தும் கூடும். 8-க்குக் கீழே கொண்டு வந்தால் பல டாக்டர்கள் நிம்மதியாகக் கத்தி எடுப்பார்கள். எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு. இன்றிலிருந்து மருந்தையும் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்தினால் தீபாவளிக்குள் வேறு எண்ணைப் பார்க்கலாம். இந்த எண்ணைக் கேட்காமலேயே "அடுத்த செவ்வாய்க்கிழமை வந்துவிடுங்கள்" என்று ஒரு டாக்டர் நாள் குறித்தால், எவ்வளவு பேர் வாங்கியவராக இருந்தாலும் நான் என் அம்மாவை அவரிடம் விடமாட்டேன்.

தீபாவளிக் கணக்கையும் பார்ப்போம். ஆபரேஷன் முடிந்த அன்றே விரலை மடக்கி நீட்டலாம், நீட்டவும் வேண்டும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். ஆனால் பெரிய கத்தரிக்கோலை அழுத்திப் பிடித்து நாள் முழுக்க வெட்ட நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தழும்பில் தொட்டால் வலிப்பது இரண்டு, மூன்று மாதம்கூட இருக்கும். சீசனுக்கு நடுவில் ஆபரேஷன் செய்துகொண்டு, கட்டோடு ரவிக்கை வெட்டப் பார்த்த பெண்களை நான் அறிவேன். தீபாவளி முடிந்து பலகாரப் பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு ஒரு தேதி வாங்குங்கள். கடிதத்தை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள், வரிசை நகரட்டும்.

மோதிர விரலுக்கு இன்னொரு ஊசி போடலாமா, இதுவரை ஊசியே போடாத கட்டைவிரலுக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று டாக்டர் பேச்செடுக்கலாம். நியாயமான யோசனைதான். ஆனால் அந்த ஸ்டீராய்டு ஊசி சில நாளுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும், அந்த வாரம் தினமும் வீட்டில் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அதே இடத்தைத் திறந்தால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதால் பலர் அந்த இடைவெளி விடுவார்கள். எனவே போடுவதென்றால் இப்போதே, ஆபரேஷன் நெருங்கும்போது வேண்டாம். நாள் வரும்போது கட்டைவிரல் இன்னும் சிக்கிக்கொண்டிருந்தால், ஒரே கைதானே, இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துகொண்டால் ஓய்வும் ஒரு தடவையோடு போகும்.

இந்த நேரத்தில் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். வணக்கம் சொல்வதுபோல் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் முழு நீளத்துக்கும் ஒட்டுகின்றனவா, நடுவில் இடைவெளி விழுகிறதா? ஒட்டவில்லை என்றால் நீண்ட கால இனிப்பு நீரால் மூட்டும் தோலுமே கொஞ்சம் இறுகியிருக்கக்கூடும். அந்த இறுக்கம் வளையத்தை வெட்டினாலும் போகாது. முன்கூட்டித் தெரிந்திருந்தால் பின்னால் "ஆபரேஷன் சரியில்லை" என்று மனம் உடைய வேண்டியதில்லை. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் உதறிக்கொண்டு எழுந்திருக்கிறீர்களா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது இந்தச் சிக்கலோடு சேர்ந்தே வருவதுண்டு. கை டாக்டர் அவராகவே இதைக் கேட்டுத் தட்டிப் பார்த்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

மகன் கூப்பிடுகிற கோலாலம்பூர் பற்றி. அங்கே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கைக்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். செலாயாங் மருத்துவமனை 2000-இல், இறந்துகொண்டிருந்த இரட்டைச் சகோதரியின் கையை எடுத்து ஒரு மாதக் குழந்தைக்குப் பொருத்திய இடம். அந்த மாதிரித் திறமை நம் நாட்டில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் உங்கள் விரலுக்கு அது தேவையில்லை. கட்டு மாற்ற, தையல் பிரிக்க, பயிற்சிக்கு என்று மூன்று நான்கு தடவை திரும்பப் போக வேண்டும். மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்து, மருமகள் சமையலில் உட்கார்ந்து சாப்பிட மனம் இருந்தால் போங்கள். இருநாள் போய் வருவது என்றால் வேண்டாம்.

உருவிவிடுவது பற்றிக் கடைசியாக எழுதுகிறேன், ஏனென்றால் அது என் வீட்டில் நடந்தது. என் அம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நடுவிரல் சிக்கத் தொடங்கியதும் ஒரு வருடம் தோட்டத்தில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டார். வலி தாங்காமல் விரலை மடக்கியே வைத்துக்கொண்டார். டாக்டரிடம் கூட்டிப்போனபோது நடுமூட்டு இறுகிவிட்டது. ஆபரேஷனில் சிக்கல் போனது, விரல் முழுசாக நிமிரவே இல்லை. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அந்த விரலும் ஒரு காரணம். வெதுவெதுப்பான நீரில் காலையில் ஐந்து நிமிடம் கையை ஊறவைத்து நீங்களாக மெல்ல அசைப்பது நல்லது. தடித்த இடத்தைப் போட்டு அழுத்தி உருவுவது வேண்டாம். இடது கையால் இழுத்தும் விரல் நிமிராத நாள் வந்தால் தீபாவளியைப் பார்க்காதீர்கள், கடிதத்தை எடுத்துக்கொண்டு சீக்கிரம் பார்க்கக் கேளுங்கள். விரல் முழுக்க வீங்கிச் சிவந்து, லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. தசைநாண் உறையில் சீழ் பிடித்தால் இனிப்பு நீர் உள்ளவருக்கு ஒரு நாள் தாமதம்கூட விரலைப் பறித்துவிடலாம்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதுவரை வேலை நிற்காது என்று எனக்குத் தெரியும். எலும்பியல் கிளினிக்கில் எங்கள் பிரிவுக்கும் ஒரு கடிதம் கேளுங்கள். மோதிர விரலின் அடி மூட்டை மட்டும் நேராக வைக்கும் ஒரு சின்னப் பட்டையைச் சூடாக்கி உங்கள் விரலிலேயே அளவு பார்த்து வார்த்துத் தருவார்கள். ஆறு வாரமாவது ராத்திரியில் போட வேண்டும். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதையும் தேங்காய் துருவுவதையும் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். போகிற அன்று உங்கள் கத்தரிக்கோலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், அக்கா. பிடியில் எந்த இடம் உள்ளங்கையின் அந்த வளையத்தில் போய் அழுத்துகிறது என்று பார்த்து, அங்கே மெத்தென்று சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.